உணவு என்னும் கட்டம்

ஷம்ஸா எண்ணுவாள், நான் எழுதுவேன்.
படிவத்தில் ஐந்து கட்டம்:
நேரம், இடம், இனம், தலை,
ஓரத்தில் ஒடுங்கலாக, உணவு.
வண்டி ஓட்டத்தான் என்னை எடுத்தார்கள்.
அவள் தொலைநோக்கியை இறக்குவதே இல்லை;
பேனா என் கைக்கு வந்தது.

ஐந்தே முக்கால். மத்ரா மீன்சந்தை.
சூரை வெட்டும் கத்திக்கு ஒரு முழம் தள்ளிக்
கடற்காகங்கள், நாற்பத்தொன்று.
எந்தக் கை குடலை வீசப்போகிறது,
எந்தக் கை ஈ ஓட்டுகிறது,
அவற்றுக்குத் தெரிகிறது.
ஒன்று செவுளை விழுங்கியது, கக்கியது, மறுபடி விழுங்கியது.
'செவுள், இரண்டு முறை' என்று எழுதினேன்.
ஷம்ஸா சிரித்தாள். அடிக்கச் சொல்லவில்லை.

குரும் ஓடையில் ஓதம் வற்றியிருந்தது.
அலையாத்தி வேர்களுக்கு நடுவே ஒரு கரைக்கொக்கு
சிறகைக் குடையாய்க் கவித்துத்
தன் நிழலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது.
வெயில் பொறுக்காத மீன்குஞ்சு
அங்கேதான் ஒதுங்கும்.

பெட்ரோல் பங்கில் மைனா, ஏழு.
நிஸ்வாவிலிருந்து இரவோடு இரவாக வந்த லாரிகளின்
முன்தட்டில் ஒட்டிக் காய்ந்த தும்பி, விட்டில்.
ஒவ்வொரு வண்டியாய் நடந்து பார்க்கிறது.
ஊருக்குள்ளேயே ஓடும் டாக்சியை
ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

காகத்தை எண்ணி முடியவில்லை.
"கப்பலேறி வந்தவை," என்றாள்,
"பெருகிவிட்டன. பொறி வைக்கிறார்கள்."
பொறிக்குள் வைக்கும் கோழித்தலையை
எந்தக் கட்டத்தில் எழுத என்று கேட்டேன்.
பதிலுக்கு என் பக்கம் திரும்பி
ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.
அந்த உவமை எனக்கும் தெரியும்.
கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைக் கூட்டினேன்.

அன்சாப். கழிவுநீர் தெளியும் குளம்.
பூநாரை அறுபத்து மூன்று,
தலைகீழாய் அலகை வைத்துச் சலிக்கின்றன.
அதிகாரி வீட்டுத் தண்ணீர், காலா கேம்ப் தண்ணீர்
இரண்டும் அந்த ஒரே சல்லடையில்.
அதைத் தின்றுதான் அந்த நிறமாம்.

அமராத் குப்பைமேட்டில் மஞ்சள்முகப் பாறு, நூற்றுப் பன்னிரண்டு.
"உலகத்தில் அருகிக்கொண்டே வருகிறது இது,"
என்று கிசுகிசுத்தாள், மசூதிக்குள் பேசுவதுபோல்.
அது குழந்தை டயப்பரைக் கிழித்துக்கொண்டிருந்தது.
லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
நகரவில்லை.

பன்னிரண்டரை. காலா கேம்ப்.
தில்பகதூர் மிச்சச் சோற்றைக்
குழாயடியில் மூன்று தண்ணீர் அலசுகிறான்.
கம்பிவேலி முழுக்கப் புறாக்கள்
பொறுமையின்றி இடம் மாறுகின்றன.
"பறவைக்குக் காரம் உறைக்காது, பாய்," என்றாள் ஷம்ஸா.
"தெரியும். உப்புக்காக," என்றான்.
படிவத்தில் இரண்டே குறிதான்:
இயற்கை, மனிதர் மிச்சம்.
அலசிய சோறு எதில் சேரும்?
இரண்டுக்கும் நடுவே புள்ளி வைத்தேன்.
மஸ்கட்டில் இன்னும் யாரும் அதைத் திருத்தவில்லை.

அதே வேலியின் முள்ளில்
ஒரு கீச்சான் பல்லியைக் குத்தி மாட்டியிருந்தது,
சாயங்காலத்துக்கு.

கடைசியாக, கிரேன் உச்சியில் ஒரு வல்லூறு.
நாற்பது நிமிடம். தின்னவில்லை. அசையவில்லை.
"கோடு போடு," என்றாள்.
"கோடு என்றால் பட்டினி என்றல்ல.
நாம் பார்க்கவில்லை என்று பொருள்."

மணி நாலு.
அன்று முதன்முறையாகத் தொலைநோக்கியை
மடியில் இறக்கினாள்.
"நீ சாப்பிட்டாயா?"
"ஆச்சு," என்றேன்.
சற்றுநேரம் என்னையே பார்த்தாள்.
பேனாவை வாங்கி
ஓரத்துக் கட்டத்தில்
ஒரு கோடு போட்டாள்.